அஞ்சு நிமிஷ வேலைதான்!

"ஒரு அஞ்சு நிமிஷ வேலைதான் அண்ணே, வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க!"

போனில் இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். கேட்கிறவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தை மூன்று மாதம் மூலையில் உட்கார வைத்தது இப்படி ஓர் அஞ்சு நிமிஷ வேலைதான்.

என் கணவர் வீடு வீடாகப் போய் சில்லறை ரிப்பேர் வேலைகள் செய்பவர். எலக்ட்ரீஷியனா என்றால் ஆமாம். பிளம்பரா என்றால் அதுவும்தான். ஃபேன் மாட்டுவார், ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் போடுவார், கதவு தரையில் உரசினால் இழைத்துக் கொடுப்பார், பாத்ரூமில் பெயர்ந்த டைல்ஸை ஒட்டுவார், பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பார். வீடு முழுக்க வயரிங் மாற்றுவது போன்ற பெரிய வேலையென்றால் மட்டும், "லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்க" என்று ஒதுங்கிக் கொள்வார். திருச்சி உறையூரில் எங்கள் பக்கத்து நாலு தெருவுக்கு 'ரிப்பேர்காரர்' என்றால் அவர்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூட பாரத்தில் 'தகப்பனார் தொழில்' என்ற இடம் வந்தால் என்ன எழுதுவது என்று ஒவ்வொரு வருஷமும் முழிப்பேன். கடைசியில் 'சுயதொழில்' என்று எழுதிவிடுவேன்.

கட்டட வேலை என்றால் மேஸ்திரி இருப்பார், சித்தாள் இருப்பார், கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் வருவார்கள். பெயிண்டர்கள் இரண்டு மூன்று பேராகத்தான் வருவார்கள். இவர் வேலையில் எல்லாத் தொழிலின் ஆபத்தும் உண்டு, கூட ஆள் மட்டும் கிடையாது. ஏணியைப் பிடிக்கவோ, மெயின் போர்டு பக்கத்தில் நிற்கவோ, "ஏன்யா சத்தத்தையே காணோம்?" என்று எட்டிப் பார்க்கவோ அந்த வீட்டுப் பெண்மணியை விட்டால் வேறு யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது. இதைப் படிக்கும் சகோதரிகளில் பலர் இப்படி ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்களாக இருப்பீர்கள். நான் அவரை வீட்டிலிருந்து அனுப்புகிறவள்.

2019-ஆம் வருஷம், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து நாலு இடம் சுற்றிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குத்தான் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் சாதம் பிசைந்து இரண்டு வாய் வைத்திருப்பார், போன் வந்தது. பல வருஷம் பழகிய வீடு. ஹாலில் ஃபேன் சுற்றவில்லை, சாயங்காலம் விளக்கு பூஜை, இருபது பேர் வருகிறார்களாம். "கண்டென்ஸர்தான் போயிருக்கும். அம்பது ரூபாய் சாமான்" என்று சொல்லிக்கொண்டே மோர் கூட ஊற்றிக் கொள்ளாமல் எழுந்துவிட்டார். நானாவது தடுத்தேனா? "பாவம், பூஜை வச்சிருக்காங்க, சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க" என்று நானும்தான் விரட்டினேன்.

ஐந்து மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. அந்த வீட்டுப் பையன் இறங்கி, "அண்ணே கீழே விழுந்துட்டாருக்கா, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு" என்றான். புடவையை மாற்றினேனா, வீட்டைப் பூட்டினேனா என்பதெல்லாம் இன்றுவரை நினைவில்லை.

நடந்தது என்ன என்பதைப் படுக்கையில் இருந்தபடி அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய ஏணி அன்றைக்கு இரவல் போயிருந்தது. அந்தம்மா ஹாலில் இருந்த டீப்பாயை நகர்த்தி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இவர் போய் மெயினை நிறுத்தினார். அதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. ஃபேன் சுவிட்சும் ஆஃப்தான். ஏறி, ஃபேனுக்கு மேலே கிண்ணம் மாதிரி இருக்கும் மூடியை இறக்கி, ஒயரில் கை வைத்தார். சுரீர் என்றது!

மெயின் நின்றிருந்தது, வாஸ்தவம். ஆனால் அந்த ஹால் ஃபேன் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. மெயினை நிறுத்தியதும், 'கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது' என்று இன்வெர்ட்டர் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. சரி, ஃபேன் சுவிட்ச் ஆஃப்பில்தானே இருந்தது என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். பழைய வீடு. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் லைனை மாற்றி, சுவிட்சை ஃபேஸில் கொடுப்பதற்குப் பதில் நியூட்ரலில் கொடுத்திருக்கிறார். அப்படிக் கொடுத்தாலும் சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றும், நிறுத்தினால் நிற்கும். வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் சுவிட்ச் நின்ற பிறகும் கரண்ட் ஃபேன் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கும்.

ஷாக் என்னவோ ஒரு நொடிதான். அது கையை உதறிவிட்டதும் ஸ்டூல் சறுக்கியது. வலது குதிகால் நேராக மொசைக் தரையில் இறங்கி, குதிகால் எலும்பு நொறுங்கிப் போயிற்று. இடது மணிக்கட்டில் விரிசல்.

சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தபோதும் அது அதே பையில் குத்தி வைத்தபடி இருந்தது. அதை எடுத்து ஒயரில் வைத்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? நான் கேட்கவில்லை. அவராகவே, "மெயினைத்தான் நிறுத்திட்டோமேன்னு இருந்துட்டேன்" என்றார்.

விழுந்தவரை அந்த வீட்டில் பதறிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். ஆனால் டாக்டர் சொன்னார்: உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுகிறவர்களுக்கு முதுகெலும்பிலும் அடிபட்டிருக்கலாம், அசைக்காமல் படுக்க வைத்து 108-க்குச் சொல்வதுதான் சரி என்று. அதே போல் ஆஸ்பத்திரியில் முதலில், "ஸ்டூலிலிருந்து விழுந்துட்டார்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். ஷாக் அடித்த விஷயத்தை நான் போய்ச் சொன்ன பிறகுதான் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். கரண்ட் உடம்பில் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். வெளியே ஒரு காயமும் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டுமாம். நல்லவேளை, அவருக்கு அதில் கோளாறு எதுவும் இல்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகும் காலை ஊன்றக் கூடாது. நிமிஷம் உட்காராத மனுஷன் திண்ணையில் உட்கார்ந்து காகத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் ரவிக்கை தைத்தேன், இட்லி மாவு அரைத்து விற்றேன். என் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. பெரியவள் அப்போது பிளஸ் டூ. டியூஷனை நிறுத்திவிடட்டுமா அம்மா என்று அவளாகக் கேட்டபோதுதான் நான் உடைந்து போனேன்.

மூன்றாம் நாள் என் அண்ணன் பார்க்க வந்தார். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, எங்க ஃபாக்டரியில ஒரு பல்பு மாத்தணும்னாக்கூட சீட்டு எழுதணும். அந்த லைனை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில போட்டுக்கிட்டு, அப்புறம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுத்தான் ஏணியில கால் வைக்கணும். சாவி எவன் பையில இருக்கோ அவன்தான் திரும்பப் போடலாம். ஜெனரல் மானேஜரே வந்தாலும் முடியாது" என்றார்.

"வீட்டு வேலைக்கு யாரு மச்சான் பூட்டுப் போடுவாங்க?" என்று இவர் சிரித்தார். எனக்கு மட்டும் அந்தப் பூட்டு மனசில் விழுந்துவிட்டது. இவருக்கும் அது வேலை செய்கிற இடம்தானே! நமக்கு ஹால், சமையலறை, பாத்ரூம். அவருக்கு அதுதான் ஃபாக்டரி. அங்கே பூட்டும் இல்லை, சீட்டும் இல்லை.

அந்த வீட்டம்மா ஒரு வாரம் கழித்து ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிய பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. உட்கார்ந்தவர்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா, அந்த ஃபேன் இன்வெர்ட்டர்ல ஓடுதுன்னு. அவசரப்படுத்தினதும் நான்தான்." எனக்குக் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர்களுக்கு எப்படித் தெரியும்? ரிப்பேர்காரர் பெண்டாட்டியான எனக்கே, எங்கள் வீட்டில் எந்த சுவிட்ச் எந்த லைன் என்று அன்றுவரை தெரியாதே. தப்பு லைன் கொடுத்த ஆள், டீப்பாய் மேல் ஏறியவர், டெஸ்டரை எடுக்காத கை, சாப்பிட விடாமல் விரட்டிய நான் என்று எல்லோருமாகச் சேர்ந்துதான் அவரைத் தள்ளிவிட்டோம்.

அவர் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தது கார்த்திகையில். அதற்குள் அவர் வேலைப் பையை நான் நாலு தடவை கொட்டி அடுக்கியிருந்தேன். பத்தாவது படித்த எனக்கு கரண்ட் விஷயமெல்லாம் புத்தகத்தில் படித்ததோடு சரி. திண்ணையில் சும்மா இருந்தவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் தெரிந்துகொண்டது, மெயின் போர்டில் இருக்கும் ஃபியூஸும் எம்.சி.பி.யும் மனிதரைக் காப்பாற்றுவதற்காக வைத்ததல்ல என்பது! ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதுதான் அவற்றின் வேலை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு சாதனம். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஒழுகினாலே கண் மூடித் திறப்பதற்குள் லைனை வெட்டிவிடும். அதில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பித்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழுந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை அழுத்துகிறேன், மறக்காமல் இருக்கிறது.

டெஸ்டரிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்றுதான் நினைப்போம். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தாலும் எரியாதல்லவா? அதனால் மெயினை நிறுத்துவதற்கு முன் கரண்ட் இருக்கிற பிளக்கில் ஒருமுறை வைத்து, எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். இப்போது இதை அவர் சுவாமி கும்பிடுவது மாதிரி செய்கிறார்.

அடுத்தது செருப்பு. இதைச் சொன்னால் சில பேருக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பூஜை அறை இருக்கிற வீடு, நியாயம்தான். ஆனால் இவர் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கரண்ட் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. டிரில்லிங் மெஷின் கையிலிருந்து நழுவினாலும், கண்ணாடி உடைந்தாலும் வெறும் பாதம்தான். ரப்பர் செருப்பு ஒன்றும் கவசமல்ல. ஆனாலும் வெறுங்காலைவிட எவ்வளவோ மேல். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருபது வருஷம் வெறுங்காலோடு செய்திருக்கிறார்! நான் ஒரு யோசனை செய்தேன். அடிப்பக்கம் ரப்பர் வைத்த மூடிய ஷூ ஒரு ஜோடி வாங்கி, தெருவில் போடாமல் துணிப்பையில் சுத்தமாக வைத்துக் கொடுத்தேன். "இது வீட்டுக்குள்ளே மட்டும் போடறதும்மா, மண்ணு படாதது" என்று காட்டிவிட்டுப் போட்டுக் கொள்கிறார். இதுவரை ஒரே ஒரு வீட்டில்தான் கூடாது என்றார்கள். அங்கே குழாய் வேலை மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டு, கரண்ட் வேலையை மாட்டேன் என்று வந்துவிட்டார்.

கண்ணாடி விஷயத்தில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. டைல்ஸ் வெட்டுகிற கிரைண்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார். (நம் மாவு கிரைண்டர் என்று நினைத்து விடாதீர்கள். இது கையில் பிடித்து அறுக்கிற மெஷின்.) வட்டமான பிளேடைச் சுற்றி ஒரு மூடி இருக்கும். அது மறைக்கிறது என்று கழற்றிப் பரணில் போட்டிருந்தார். தேடி எடுத்து மாட்ட வைத்தேன். அதே மெஷினில் மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டி வேலை செய்வது சிலருக்குப் பழக்கம். அது மரத்தில் சிக்கினால் மெஷின் எகிறி ஆள் மேலேயே வரும். இவருக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கட்டை விரலை இழந்திருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றால், "வேர்த்து மங்குது, கோடு தெரியல" என்பார். ஒருநாள் கண் சிவந்து வந்தார். சிமெண்டுத் தூள் என்றார். டாக்டரிடம் போனால் கருவிழியில் ஒரு கல் சில்லு! எடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஆழமா போயிருந்தா..." என்று டாக்டர் நிறுத்தினார். நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கண்ணாடியைத் தானே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். டைல்ஸையும் கல்லையும் அறுக்கும்போது எழும் புழுதி நுரையீரலில் தங்கிவிடும் என்பதால் மூக்குக்கு மாஸ்க்கும் வைக்கிறேன். தண்ணீர் விட்டு நனைத்து அறுத்தால் புழுதி குறையும் என்பார்கள், ஆனால் கரண்ட் மெஷினில் தண்ணீர் போகக் கூடாதே! அதற்கென்று தண்ணீர்க் குழாயோடு செய்த மெஷினாக இருந்தால்தான் சரி. இல்லாவிட்டால் திறந்த வெளியில் வைத்து அறுப்பதுதான்.

ஏணிக்கு வருகிறேன். அடகு வைத்த கம்மலை மீட்பதற்கு முன்னால் நான் வாங்கியது ஏணிதான். இதற்காக மாமியாரிடம் பேச்சு வாங்கினேன்! அலுமினிய ஏணி லேசாக இருக்கும். ஆனால் அது உலோகம், கரண்ட் பாயும். மொட்டை மாடியில் அலுமினிய ஏணியைத் தூக்கித் திருப்பும்போது தெருக் கம்பி மேல் பட்டால் முடிந்தது. கரண்ட் வேலைக்கு மூங்கிலோ மரமோ காய்ந்ததாக இருக்க வேண்டும், அல்லது ஃபைபர் ஏணி. சுவரில் சாத்துகிற ஏணியென்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி கணக்கில் அடிப்பாகம் தள்ளி இருக்க வேண்டும். ஏணியின் காலடியில் நம் கால் விரல் படும்படி நின்று கையை நேராக நீட்டினால், உள்ளங்கை படியைத் தொட வேண்டும். அதுதான் சரியான சாய்வு. நாற்காலி, டீப்பாய், கட்டில் மேல் ஸ்டூல் எதுவும் வேண்டாம் சகோதரிகளே. உங்களிடம் ஏணி இல்லையென்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள், கொண்டு வருவார்கள்.

அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பார்த்தால் திடமாக இருக்கும். நடுவில் கால் வைத்தால் அப்பளம் மாதிரி உடைந்து ஆளோடு கீழே இறங்கிவிடும். வருஷங்கள் ஆன ஷீட் என்றால் கேட்கவே வேண்டாம். அதன் மேல் ஏற வேண்டுமென்றால் அகலமான பலகையைச் சட்டங்களின் மேல் பதியும்படி போட்டு, பலகையில்தான் நடக்க வேண்டும். "பந்து விழுந்திருக்கு, கொஞ்சம் ஏறி எடுத்துக் குடுங்க" என்பதெல்லாம் இவருக்கு இப்போது கிடையாது. பத்து ரூபாய் பந்து!

ஒரு வீட்டில் பாத்ரூம் உப்புக்கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். காலையில் அந்த வீட்டுப் பெண் அதே தரையில் பிளீச்சிங் பவுடர் தூவி வைத்திருந்தது இவருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இருமி இருமி, கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்திருக்கிறார். இரண்டு நாள் தொண்டை எரிச்சல். பாத்ரூமில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். நாம் கழுவும்போதும் இதே கதைதான்.

எல்லாவற்றையும்விட நான் பயந்தது 2024-ஆம் வருஷம் ஐப்பசி மழையில். தெரிந்த ஒருவர் வீட்டில் செப்டிக் டேங்கில் குழாய் வாய் அடைத்துக்கொண்டது. "லாரி வர நாலு நாள் ஆகுமாம். நீங்க இறங்கி ஒரு குத்து குத்தினாப் போதும் அண்ணே. ரெண்டாயிரம் தர்றேன்" என்றார். பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரம். இவர் கயிற்றை எடுத்துவிட்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"வழியை விடும்மா. மூடியைத் திறந்து வச்சு, மெழுகுவத்தி இறக்கிப் பார்த்துட்டுத்தான் இறங்குவேன்" என்றார்.

மெழுகுவத்தி அணையாமல் இருந்தால் பிராணவாயு இருக்கிறது என்று அந்தக் காலத்தில் கிணற்றில் இறங்குகிறவர்கள் சொல்வார்கள். செப்டிக் டேங்கில் இருப்பதோ விஷவாயு. அது சுடருக்குத் தெரியாது. தீப்பிடிக்கிற வாயுவும் அங்கே உண்டு, சுடரே வினையாகிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வரும் என்பார்கள். அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது, ஆள் அப்படியே சரிந்துவிடுவான். ஒருவனைத் தூக்க இறங்கிய இன்னொருவனும் போனான் என்று எத்தனை முறை பேப்பரில் படித்திருக்கிறோம்! மனிதரை அதற்குள் இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் எனக்குத் தெரியும். "அந்த முப்பது லட்சத்தை வாங்கி நான் யாருக்குச் சோறாக்கிப் போட?" என்று கேட்டேன். கயிற்றைக் கீழே வைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் லாரி வந்து சுத்தம் செய்தது. அந்த வீட்டில் அதற்கப்புறம் எங்களைக் கூப்பிடவில்லை. போகட்டும்.

கூப்பிடாமல் போனவர்கள் இன்னும் சில பேர் உண்டு. சீரியல் நேரத்தில் மெயினை நிறுத்தச் சொன்னதற்கு, "அவருக்கு வயசாயிடுச்சு, பயந்துக்கிறாரு" என்று வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பயம்தான் என்று நானே சொல்லிவிட்டேன், என்ன இப்போது?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் விழுந்தபோது எங்களிடம் எந்தக் காப்பும் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து வருஷம் 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறது. விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம். ஆனால் குணமாகிவிடும் எலும்பு முறிவுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும். நம் மாநிலத்தில் 1994-இல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், பெயிண்டர் எல்லோரும் பதியலாம். விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு உதவி எல்லாம் உண்டு. "நான் என்ன கட்டடமா கட்டறேன்?" என்று அசட்டையாக இருந்தவரை நான்தான் இழுத்துக்கொண்டு போய்ப் பதிய வைத்தேன். உங்கள் வீட்டுக்கு வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பதிந்திருக்க மாட்டார்கள். இவையெல்லாம் இருந்தாலும் மூன்று மாதக் கூலியை யாரும் தரப்போவதில்லை என்பதால், தினம் ஐம்பது ரூபாயை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு டப்பாவில் போடுகிறேன்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டர் தாளில் தினமும் எழுதி வைக்கிறேன்: எந்த வீடு, என்ன வேலை, எத்தனை மணிக்கு முடியும். அரை மணி தாமதமானால் போன் செய்வேன். உயர வேலை என்றால் நானே ஏணி பிடிக்கக் கூடப் போகிறேன். முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. தெருவில் சிரித்தார்கள். இப்போது, "அக்கா வரலையா?" என்று கேட்கிறார்கள்.

போன மாதம் அந்த வீட்டம்மாவே கூப்பிட்டார்கள். அதே ஹால், அதே ஃபேன். இந்த முறை ஃபேனையே மாற்ற வேண்டும். "அஞ்சு..." என்று ஆரம்பித்தவர்கள், "எவ்வளவு நேரம் ஆனாலும் சரி அண்ணே, சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்கள். நானும் கூடப் போனேன். லைன் தப்பையெல்லாம் அவர்கள் அப்போதே ஒயர்மேனை வைத்துச் சரி செய்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இன்வெர்ட்டரை நிறுத்தி, மெயினை இறக்கி, போர்டில் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருந்தார்கள். சிவப்பு மையில் 'மேலே ஆள் இருக்கிறார். கை வைக்காதே' என்று எழுதியிருந்தது. அவர் முதலில் டெஸ்டரை எடுத்தார். நான் ஏணியைப் பிடித்தேன். அந்தம்மா போர்டுக்கு முன்னால் முக்காலி போட்டு, காவல் காக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள். பேத்தி டி.வி. போட ஓடி வந்தது, பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

வேலை முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. வேர்த்துக் கொட்டியது எல்லோருக்கும். அப்புறம் புது ஃபேனைப் போட்டுவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து காபி குடித்தோம். டிகாஷன் கொஞ்சம் தூக்கல்தான்.